லீமாவின் இடது கால்

சகாயராணியின் ஸ்கூட்டிக்குப் பின்னாலேயே ஒரு விமானம் வீடு வரைக்கும் உருண்டு வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, நாகல்கேணி சூசையப்பர் தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஏன் பிளக்கணும்? நாற்பது வருஷமாய்த் தலைக்கு மேலே தாழப் பறந்து, அலமாரியில் இருக்கிற டம்ளரை எல்லாம் கிடுகிடுக்க வைத்து, பேசிக்கொண்டிருக்கிற பேச்சைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போன கூட்டத்தில் ஒன்று இப்போதுதான் மரியாதையாய்த் தரையோடு வந்திருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, தண்ணி லாரிக்கு வரிசை போட்டிருந்த பெண்கள் குடங்களை மட்டும் சுவரோரமாய் நகர்த்தி வழிவிட்டார்கள். தெருமுனையில் இடியாப்பம் விற்கிற மைமூன் பீ, தட்டைக் கழுவிக்கொண்டே, யாரு ராணி கூட வந்திருக்கிறது என்று கேட்டாள். கால்ல அடி, சரியாகிற வரைக்கும் இங்கதான் இருக்கும் என்று சகாயராணி சொன்னாள். சரி, அப்ப அடுப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிறேன் என்றாள் மைமூன் பீ. வரவேற்பு அவ்வளவுதான்.

கொஞ்சம் முன்கதை சொல்லாவிட்டால் உங்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். சகாயராணி விமானம் ரிப்பேர் பார்க்கிறவள். தோல் பதனிடுகிற ஷெட்டுக்கு வேலைக்குப் போகிற ஜனங்கள் குடியிருக்கிற தெருவில் பிறந்து, பிளஸ் டூ முடித்து, பல்லாவரத்தில் ஒரு பயிற்சிக் கூடத்தில் நாற்பத்தியொரு பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாய் மூன்று வருஷம் ரிவெட் அடித்து, அரம் தேய்த்து, உள்ளங்கையில் காய்ப்பு ஏறி, இந்தக் கையை எவன் வந்து பிடிப்பான் என்று சொந்தக்காரர்கள் அங்கலாய்த்ததை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டு, தென்முனை ஏர்வேஸ் என்கிற கம்பெனியில் ஹெல்ப்பராய்ச் சேர்ந்தாள். பொம்பளைப் பிள்ளை எதற்கு எண்ணெயிலும் கிரீஸிலும் புரளணும் என்று ரொம்பக் கரிசனமாய் அவளை டூல் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தை அந்தப் பலகையில் கறுப்பாய் வரைந்திருக்கும். வேலை முடிந்து எல்லாம் அதனதன் உருவத்தின் மேல் வந்து உட்கார்ந்தால்தான் விமானம் நகரலாம், ஒன்று குறைந்தாலும் அது எஞ்சினுக்குள் கிடக்கிறதா என்று தேடிக் கண்டுபிடிக்கிற வரைக்கும் எந்த மந்திரி காத்திருந்தாலும் சரி, நகரக்கூடாது. அந்தப் பலகைக்கு முன்னால் பதினொரு வருஷம் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். ஸ்பானர் வாங்க வருகிறவனோடு கூடவே போய், சக்கரம் கழற்றுகிற இடத்தில் நின்று, பிரேக் மாற்றுகிற இடத்தில் நின்று, நின்றவள் பிடித்து, பிடித்தவள் முறுக்கி, கடைசியில் முழு வேலையையும் அவளே செய்தாள், கையெழுத்து மட்டும் வேறு யாராவது போட்டார்கள். லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதினால் போதாது. இன்ன இன்ன வேலையை இவள் தன் கையால் செய்தாள் என்று ஒரு குறிப்புப் புத்தகத்தில் வேலைக்கு வேலை லைசென்ஸ் உள்ள சீனியர் கையெழுத்து வாங்கணும். அந்தப் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஆறு வருஷம் பைக் ஸ்டாண்டில் நின்றிருக்கிறாள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருக்கிறவர்கள் நாளைக்குப் பாக்கலாம்மா என்பார்கள், நாளைக்கும் நிற்பாள், பார்க்காமல் போகிறவரின் வண்டிக்கு முன்னால் போய் நிற்பாள். அப்படி நின்று நின்று முப்பத்தைந்தாவது வயசில் லைசென்ஸ் வந்தது, கம்பெனி ஒரு சின்ன ரப்பர் முத்திரையும் நம்பரும் கொடுத்தது. அன்றிலிருந்து, இந்த விமானம் பறக்கலாம் என்று அவள் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தால் அது பறக்கும். அவள் புருஷன் பெர்க்மான்ஸ், பல்லாவரத்துக்கும் குன்றத்தூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அந்த முத்திரையைக் காகிதத்தில் குத்தி ஆட்டோ கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு, என் பொண்டாட்டி கையெழுத்துன்னா எழுபது பேர் உசுரு என்று ஏறுகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொள்வான். அவளுக்கு வெட்கமாயிருக்கும், ஆனாலும் கிழிக்கச் சொல்ல மாட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலே முக்காலுக்குத் தூத்துக்குடி போகவேண்டிய விமானத்துக்குச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தாள். வாலில் எழுதியிருக்கிற எழுத்துகளில் கடைசி இரண்டு பி, எல். விமானக்காரர்கள் எழுத்தை எழுத்தாய்ச் சொல்ல மாட்டார்கள், ரேடியோவில் குழப்பம் வரக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறார்கள், அந்தக் கணக்கில் இது பாப்பா லீமா. இரண்டு பக்கமும் விசிறி வைத்தது, இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும். அதன் இடது காலில், சக்கரத்தைத் தாங்குகிற தடித்த தூணின் வளைவில், ஏதோ மயிர்போல ஒன்று அவள் விரலுக்குத் தட்டுப்பட்டது. சந்தேகம் வந்தால் செய்கிற சோதனையைச் செய்தாள். சிவப்புச் சாயத்தை அடித்து, ஊறவிட்டு, துணியால் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தூவினாள். வெறும் கீறல் என்றால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், உள்ளே விரிசல் என்றால் அதற்குள் இறங்கின சாயம் மெல்ல வெளியே கசியும். கசிந்தது. இரண்டு விரல்கடை நீளத்துக்குச் சிவப்பாய் ஒரு கோடு.

பராமரிப்பு மேனேஜர் கமலக்கண்ணன் வந்தார், குனிந்தார், கட்டைவிரலால் அந்தச் சிவப்பைத் தேய்த்துவிட்டார். பெயிண்ட் கீறல், பெயிண்டை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். பெயிண்ட் கீறலில் சாயம் இறங்காது சார் என்று இவள் சொன்னாள். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, மேலே இருக்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தலை நரைத்த மனுஷர், ஆனால் அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: கையெழுத்துப் போட முடியாது என்றால் வீட்டுக்குப் போம்மா, போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சரி சார் என்றாள். ஸ்பானர்களைத் துடைத்துப் பலகையில் ஒவ்வொன்றாய் மாட்டி, எண்ணி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாப்பா லீமாவும் கிளம்பியது.

எஞ்சின் போடவில்லை, விசிறி சுற்றவில்லை, சும்மா உருண்டு வந்தது. வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவல்காரர், வெளியே போகிற சாமானுக்கு கேட் பாஸ் வேண்டுமே என்றார். இவளிடம் இல்லை என்றதும் கொஞ்சம் யோசித்து, பதிவேட்டில் விமானம், ஒன்று, என்று எழுதி நேரம் போட்டு அனுப்பிவிட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை விடாமல் அமுக்கினான், முன்னால் போனவர்கள் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். பல்லாவரத்தில் திரும்ப இவள் கையைக் காட்டினாள், அதுவும் இறக்கை நுனி விளக்கைச் சிமிட்டியது. பம்மலில் இறக்கைகள் இரண்டு பக்கமும் மொட்டை மாடிகளுக்கு மேலாக, உலர்த்திய துணிகளைத் தொடாமல் போயின. மாடி மேல் மாடி எடுத்திருந்த வீடுகள் கொஞ்சம் தோளைக் குறுக்கிக்கொண்டன. நொண்டியபடி வந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், இடது காலை ஊன்றும்போதெல்லாம் கொஞ்சம் தயங்கியதாம்.

தெருவில் அது நின்ற மூன்றாம் நாளே, எப்போதும் அங்கேயே இருந்த சாமான் மாதிரி ஆகிவிட்டது. கொசு மருந்து அடிக்க வருகிற மாநகராட்சிப் பெண் அதன் வயிற்றுக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, இல்லை என்று கண்டு, கதவுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டுப் போனாள். மின்வாரியத்துக்காரர்கள் வந்து வால் இடிக்கிற ஒயரைத் தூக்கிக் கட்டினார்கள். வடாம் காயவைக்கலாமா என்று பெண்கள் கேட்டதற்கு, இறக்கைக்குப் பின்னால் கீல் வைத்து அசைகிற பகுதியைத் தவிர மற்ற இடத்தில் காயவைக்கலாம் என்று சகாயராணி சொன்னாள். தூசி போகாமல் இருக்கச் சின்னச் சின்ன குழாய்களுக்கு அவள் உறை மாட்டி, மறந்துவிடாமல் கழற்றவேண்டும் என்பதற்காக அதில் சிவப்புப் பட்டை தொங்கவிட்டிருந்தாள். அதை வேண்டுதல் என்று நினைத்து நாலு பேர் தாங்களும் ஆளுக்கொரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார்கள், பாப்பா லீமா என்கிற பேர் கேட்டதும் ஞானஸ்நானம் வாங்கின நம்ம வீட்டுப் பிள்ளை என்று சொந்தம் கொண்டாடி, காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டார் ஒருத்தர். இவள் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. இறக்கைக்குள்ளே எரிபொருள் இருக்கிறது, கற்பூரமும் பீடியும் மட்டும் கூடாது என்று கறாராய்ச் சொல்லிவிட்டாள், தெருவும் கேட்டுக்கொண்டது. உள்ளே எழுபது சீட்டிலும் மத்தியான வெயிலுக்கு ஆள் இருந்தது, மைமூன் பீயின் பேத்திக்குக் காது குத்தியதுகூட ஆறாவது வரிசையில்தான்.

தண்ணி லாரி உள்ளே வர முடியாமல் போனதுதான் ஒரே வருத்தம். அதற்கும் பெர்க்மான்ஸ் தெருமுனையிலிருந்து ஷேர் ஆட்டோவில் குடம் ஏற்றி வந்து வீட்டுக்கு வீடு இறக்கினான், இறக்கும்போதெல்லாம் முனகிக்கொண்டே இறக்கினான்.

கம்பெனி சும்மா இருக்குமா. முதலில் எட்டு ஆளும் ஒரு இழுவை வண்டியும் வந்தது. மூக்குச் சக்கரத்தில் கம்பியைக் கோத்து இழுத்தார்கள், இழுவை வண்டியின் டயர்தான் தேய்ந்து புகைந்தது, லீமா அசையவில்லை. காற்றை இறக்கிவிட்டாளா, பிரேக்கைப் பூட்டிவிட்டாளா என்று தேடிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. மறுநாள் ஒரு கடிதம் வந்தது. கம்பெனியின் விமானத்தைத் தன் குடியிருப்புக்குக் கூட்டிச் சென்ற குற்றத்துக்காகச் சகாயராணியின் கையெழுத்து அதிகாரம் நிறுத்திவைக்கப்படுகிறது, முத்திரையை ஒப்படைக்கவும். அவள் வாசலில் நின்று இரண்டு தடவை படித்தாள். ஆறு வருஷம் பைக் ஸ்டாண்டில் நின்றதெல்லாம் ஞாபகம் வந்தது, அழுகை வந்தது, கடிதம் கொண்டுவந்த பியூனுக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முத்திரையைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் பெர்க்மான்ஸ், கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், அவனும் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் கமலக்கண்ணன் நேரிலேயே வந்தார், கூடவே ஜவகர்பாபு என்கிற இன்னொரு இஞ்சினியரைக் கூட்டி வந்தார். காலில் விரிசல் இல்லை என்று இவர் சோதித்துச் சொல்வார், இவரே கையெழுத்துப் போடுவார், கையெழுத்து விழுந்தால் விமானம் போய்விடும், தெருவும் நிம்மதியாய் இருக்கும் என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார். போகவில்லை என்றால் முன்பக்கச் சுவர்களை இடித்துத்தான் எடுக்கவேண்டியிருக்கும் என்பதையும் மெதுவாய்ச் சேர்த்துக்கொண்டார். தெருவில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சுவர் என்றால் சும்மாவா, ஒவ்வொரு செங்கல்லும் ஒரு மாசத்து ஓவர்டைம். ஒன்றிரண்டு பேர் சகாயராணியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள், அதையும் அவள் பார்த்தாள்.

ஜவகர்பாபு மஞ்சளைத் துடைத்துவிட்டு, சிவப்புச் சாயத்தை அடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கமலக்கண்ணனும் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது, சுத்தம் செய்கிற திரவத்தின் டப்பாவை எடுத்து நேராய்க் காலின் மேலேயே புஸ்ஸென்று பீய்ச்சினார். சிவப்பெல்லாம் வழிந்து தெருவில் ஓடியது. பளபளவென்று ஆன காலில் வெள்ளைப் பொடியைத் தூவினார். வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது. ஒன்றும் இல்லை சார் என்றார்.

சகாயராணி வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து நாகபூஷணம் முன்னால் வந்தாள். இருபத்திரண்டு வருஷம் தோல் ஷெட்டில் சாய டிரம் ஓட்டியவள், முழங்கை வரைக்கும் கறுப்பேறின கை, விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாயத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. சாயம் இறங்கறதுக்கு முன்னாடியே தண்ணியப் பீச்சி அடிச்சிட்டீங்களே, உள்ள போனதும் சேந்து வந்திடுச்சே. எங்க ஷெட்ல புதுசா வர்ற ஆளுங்க இப்படித்தான் பண்ணுவாங்க. தோல் வெளுத்துப்போயி நிக்கும், அப்புறம் மேஸ்திரி சாயம் சரியில்லன்னு சாயத்தைத் திட்டுவான்."

ஜவகர்பாபுவின் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. அவருக்குத் தெரியாததல்ல. திரவத்தை நேராய்ப் பீய்ச்சக்கூடாது, துணியில் நனைத்துத்தான் துடைக்கணும் என்பது முதல் வருஷப் பாடம், அவசரம் வந்தால் எல்லோரும் செய்கிற தப்பு, செய்துவிட்டு யாரும் ஒப்புக்கொள்ளாத தப்பு. அவர் கமலக்கண்ணனைப் பார்த்தார், கமலக்கண்ணன் கையெழுத்துப் போடுங்க என்று கண்ணைக் காட்டினார். அவர் போட்டார். முத்திரையும் வைத்தார். தெரு முழுக்க லீமாவைப் பார்த்துக்கொண்டு நின்றது. அது போகிற வழியாய்த் தெரியவில்லை.

அப்போது சகாயராணி, ஜவகர் சார், இன்னொரு தடவை செய்யலாம், நீங்களே செய்யுங்க, நான் தொட மாட்டேன், எனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் பத்து நிமிஷம் ஊறட்டும் என்றாள். சாயம் அடித்தார். பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நேரம் என்று அன்றைக்குத்தான் அந்தத் தெருவுக்குத் தெரிந்தது. குக்கர் விசில் அடித்து யாரும் போய் அணைக்கவில்லை, தண்ணி லாரி தெருமுனையில் ஹாரன் அடித்து யாரும் போகவில்லை, கமலக்கண்ணனின் போன் மூன்று தடவை அடித்து அவரே எடுக்கவில்லை. நாகபூஷணம் துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தாள், அழுத்தித் தேய்க்காதீங்க சார், ஒத்தி எடுங்க என்றாள். ஒத்தி எடுத்தார். வெள்ளையைத் தூவினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நடுவில் ஒரு புள்ளி, அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, எல்லாம் சேர்ந்து கோடாகி, சகாயராணி அன்றைக்குப் பார்த்ததைவிட ஒரு விரல்கடை கூடுதலாய்ச் சிவந்து நின்றது. நடந்து வந்ததில் விரிசல் வளர்ந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு தூத்துக்குடியில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஜவகர்பாபு தான் போட்ட கையெழுத்தைத் தானே அடித்துவிட்டு, கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவரைப் பற்றி அதற்கப்புறம் தெருவில் எவரும் பேசவில்லை. இடிக்கட்டும், இடித்துக்கொண்டு போகட்டும் என்று தரையைப் பார்த்தவர்களே சொன்னார்கள்.

பதினெட்டாம் நாள் புதுக் கால் ஒரு மரப்பெட்டியில் வந்து இறங்கியது. ஜாக்கி வைக்கத் தரை தாங்காது என்று தோல் ஷெட்டிலிருந்து தடித்த மரக்கட்டைகளைத் தூக்கி வந்து அடுக்கினார்கள், வடாம் எல்லாம் இறக்கி, உள்ளே தூங்கியவர்களை எழுப்பி இறக்கி, லீமாவை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கினார்கள். ஜவகர்பாபுவும் இரண்டு மெக்கானிக்குகளும் காலை மாற்றினார்கள், சகாயராணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் முறுக்கு எவ்வளவு என்று வாயால் சொன்னாள். மாற்றி முடித்து, ஜவகர்பாபு மறுபடியும் கையெழுத்துப் போட்டார், இந்தத் தடவை சுத்தமான கையெழுத்து. அப்போதும் லீமா நகரவில்லை. அவருக்கு அதில் வருத்தமில்லை. இது மேடம் கையெழுத்துக்குத்தான் நிக்குது சார் என்று கமலக்கண்ணனிடம் சொன்னார். மேடம் என்று கம்பெனியில் அவளை அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

கமலக்கண்ணன் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். மைமூன் பீயின் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு காகிதங்களை எடுத்து வைத்தார். ஒன்று, சகாயராணியின் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கிற கடிதம், மேலே அவளுடைய ரப்பர் முத்திரை. இன்னொன்று, காலை மாற்றியதற்கான பதிவு. காரணம் என்கிற கட்டத்தில், ஆயுட்காலம் முடிந்ததால் மாற்றப்பட்டது, என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அவ்வளவுதான். போட்டால் நாளைக்கே வேலைக்கு வரலாம், அடுத்த மாதம் முதல் ஷிப்டுக்குத் தலைமை.

விரிசல் கண்டதால் மாற்றப்பட்டது என்று எழுதினால் என்ன என்று அவள் கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். லீமாவோடு சேர்த்து ஒரே வருஷம் வாங்கியவை இன்னும் ஐந்து இருக்கின்றன, ஐந்துக்கும் இதே பட்டறைக் கால், ஒன்றில் விரிசல் என்று எழுத்தில் வந்துவிட்டால் ஐந்தையும் அந்த நிமிஷமே நிறுத்திச் சோதிக்கணும், கம்பெனி தாங்காது. விரிசல் அதுகளில் இருக்கும் என்று யார் கண்டது, இல்லாமலும் இருக்கலாம் இல்லையா என்றார். இன்று அந்த ஐந்தும் பறக்கிறதா சார் என்று கேட்டாள். அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு, பறக்கிறது என்றார்.

பெர்க்மான்ஸ் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனான். பயந்த மனுஷன் அல்ல அவன், ஆனால் பொண்டாட்டி இரண்டு வாரமாய்ச் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன். எழுதிக் கொடுத்திடு ராணி என்றான். உள்ளே போய் உட்கார்ந்துகிட்டா அஞ்சையும் நீயே ஒவ்வொண்ணாப் பாக்கலாம், வெளியில நின்னா ஒண்ணையும் தொட முடியாது என்றான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை, அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. பயமாகவும் இருந்தது அவளுக்கு. நாற்பத்தி நாலு வயசில், இந்த வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாத கையோடு, இனி எந்த வாசலில் போய் நிற்பது என்கிற பயம்.

"நான் உள்ள போயி ஒவ்வொண்ணாப் பாக்கறதுக்குள்ள எது இறங்கறப்ப உடையும்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்ல."

சரி, பேனா இருக்கா உன்கிட்ட என்று பெர்க்மான்ஸ் கேட்டான், சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கொடுத்தான்.

அவள் பெஞ்சுக்கு வந்து பதிவை இழுத்துப் போட்டு எழுதினாள். இடது காலில் விரிசல் கண்டதால் மாற்றப்பட்டது என்று எழுதினாள். எத்தனை அங்குலம், எந்த இடம், என்றைக்கு முதலில் கண்டது, யாரிடம் சொன்னது, அவர் என்ன சொன்னார், எல்லாம் எழுதினாள். கட்டம் போதாமல் போனது, ஓரத்தில் எழுதினாள், ஓரமும் போதாமல் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள், இதே பட்டறையின் கால் உள்ள மற்ற ஐந்து விமானங்களின் எழுத்துகளையும் வரிசையாய் எழுதி, இவை சோதிக்கப்படும் வரை பறக்கக்கூடாது என்று முடித்து, கீழே தன் முழுப் பேரையும் போட்டாள். கமலக்கண்ணன் தடுக்கவில்லை. அவர் முத்திரையையும் கடிதத்தையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். முத்திரை இல்லாமல் இந்தக் கையெழுத்து செல்லாதும்மா, இதை நான் கிழித்துப் போட்டுவிட்டு ஜவகர் போட்டதைத்தான் ஃபைலில் வைப்பேன் என்றார். சொல்லும்போது அவருக்கே குரல் ஏறவில்லை. வெச்சுக்கோங்க சார் என்றாள் அவள்.

சொல்லி வாய் மூடவில்லை, லீமா நகர ஆரம்பித்தது. அடியே படாத பிள்ளை மாதிரி இடது காலை நன்றாய் ஊன்றி, ஒரு தயக்கமும் இல்லாமல், கட்டியிருந்த சிவப்புத் துணிகளோடு தெருவை விட்டு வெளியே போனது. பெண்கள் ஓடிப்போய்க் குழாய் உறைகளை மட்டும் ஞாபகமாய்க் கழற்றிக்கொண்டு வந்தார்கள். கம்பெனிக்காரர்கள் அதன் பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். தெரு திடீரென்று அகலமாய்த் தெரிந்தது, தண்ணி லாரி பதினெட்டு நாளைக்கப்புறம் கடைசி வீடு வரைக்கும் வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். சகாயராணிக்கு மட்டும் இல்லை. கிழித்துப் போட்டிருப்பார், ஐந்தும் பறந்துகொண்டிருக்கும், நான் என்னத்தைச் சாதித்தேன் என்று நாகபூஷணத்தின் மடியில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள். நாகபூஷணம் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். போன் அடித்துத்தான் எழுந்தாள். அதற்கு முன்பே வெளியே குடங்களை நகர்த்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, மைமூன் பீ யாரிடமோ, அடுப்பை இந்தத் தடவை அடுத்த தெருவுக்கே கொண்டுபோயிடறேன், வரிசை பெரிசா இருக்கு என்று சொல்வதும் கேட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். சூசையப்பர் தெரு முனையிலிருந்து தோல் ஷெட்டின் கேட் வரைக்கும் ஒன்றன் பின் ஒன்றாய் ஐந்து விமானங்கள் நின்றன. முதலாவதும் மூன்றாவதும் காலை ஊன்றாமல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தன. போனில் கமலக்கண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு, உங்களுக்கு அதிகாரம் இல்லை, சட்டப்படி அதில் ஒன்றைக்கூட நீங்கள் தொடக்கூடாது, தெரியுமில்லையா என்றார்.

"நான் தொடல சார். அதுங்களாத்தான் வந்திருக்கு. உங்களால முடிஞ்சா கூட்டிட்டுப் போங்க."

போனை வைத்துவிட்டு, முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு, முதலாவதாய் நின்றதன் காலடியில் போய்க் குந்தினாள்.